இரைப்பை இல்லாமல் கோலியாத் ஏறியவள்

கொஜே தீவின் கப்பல் கட்டும் தளத்தில் கோலியாத் ஓட்டுகிற பெண்களுக்குள் குவாக் ஒக்சிம்தான் மூத்தவள். உலர்துறையின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி, கட்டிக்கொண்டிருக்கும் கப்பலுக்கு மேலே பாலம் போட்டதுபோல நிற்கும் அந்த ராட்சத கிரேனுக்கு யார் எப்போது அந்தப் பெயர் வைத்தார்களோ, அதுவே நிலைத்துவிட்டது. அதன் உச்சியில் தொங்கும் கண்ணாடி அறைதான் ஒக்சிமின் வேலையிடம். நாலுமாடிக் கட்டடம் அளவுக்கு இருக்கும் கப்பல் துண்டுகளை அங்கிருந்து தூக்கி, கீழே இன்னொரு துண்டின் விளிம்போடு விளிம்பாக அவள் பொருத்தி வைப்பாள். கீழே நின்று வாக்கி டாக்கியில் வழிகாட்டுகிறவன் குக் மான்சு. இருவரும் சேர்ந்து இறக்கிய துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஊர் அளவுக்கு வரும் என்று மான்சு குடித்தால் சொல்வான்.

ஒக்சிமுக்குச் சாப்பாடு என்பது சீக்கிரம் முடிக்கவேண்டிய வேலை. மதிய இடைவேளையில் மேலிருந்து இறங்கி வருவதற்கே பாதி நேரம் போய்விடும். சூப்பில் சோற்றைக் கொட்டி, கிம்ச்சி ஊறுகாயை மேலே போட்டு, நின்றபடியே நாலு வாயில் முடித்துவிட்டு மறுபடி லிஃப்டுக்கு ஓடுவாள். காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கமாட்டாள். குடித்தால் இறங்கவேண்டி வரும். மேலே வேலை செய்கிற பெண்கள் எல்லோருமே அப்படித்தான். வயிறு எரியும்போது வெள்ளை மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து உறிஞ்சிக்கொண்டு லீவரைப் பிடிப்பாள்.

நாற்பது தாண்டிய எல்லோருக்கும் அரசாங்கத்திலிருந்து இரைப்பைப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். ஒக்சிம் ஒவ்வொரு தடவையும் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் குடித்துவிட்டு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். தொண்டையில் குழாய் விடுவதற்கு அவள் சம்மதித்ததே இல்லை. குழாயைவிட அது எதைக் காட்டிவிடுமோ என்பதுதான் பயம். அவளுடைய அண்ணன் வெல்டராக இருந்தவன். இரைப்பைப் புற்று என்று விலாவிலிருந்து தொப்புளுக்குக் கீழேவரை அறுத்துப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் பரவிவிட்டது என்று அப்படியே மூடித் தைத்து அனுப்பினார்கள். அந்தத் தழும்பு ஆறுவதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

ஒரு வருஷம் பரிசோதனை மையத்து நர்ஸ் விடவில்லை. "எத்தனை வருஷம் எங்கள ஏமாத்துவீங்க? தூங்க வச்சே பார்க்கிறாங்க. ஒண்ணும் தெரியாது" என்று கையைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தாள். விழித்தபோது உள்ளூர் டாக்டர் ஒக்சிமின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி பேசினார். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

புசானில் பெரிய ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை நிபுணர் பியோ யூரிம், நாற்பத்தைந்து வயதிருக்கும், குட்டையான பெண். சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"சீக்கிரம் கண்டுபிடிச்சிருக்கோம். அது நல்லது. ஆனா மேல் பக்கமா, உணவுக்குழாய் வந்து சேர்ற இடத்துலயே இருக்கு. இரைப்பைய எடுத்துடணும்."

"பாதியா?"

"முழுசா."

ஒக்சிம் தன் கைகளைப் பார்த்தாள். "அப்ப சோறு எங்க போகும்?"

"நேரா குடலுக்குப் போகும். குடலை மேல இழுத்து உணவுக்குழாயோட சேர்த்துத் தைச்சுடுவேன். அது கத்துக்கும். நீங்களும் கூடக் கத்துக்கணும்."

"மறுபடி கிரேன் ஏறலாமா?"

"ஏறலாம்னு இப்ப நான் வாக்குக் குடுத்தா அது பொய். ஏறக்கூடாதுன்னு சொன்னா அதுவும் பொய்."

அந்தப் பதில் ஒக்சிமுக்குப் பிடித்தது. பக்கத்தில் இருந்த அவள் கணவன் டாக் கிபொமுக்கு எதுவும் பிடிக்கவில்லை. அவன் கடலில் மிதவை கட்டிச் சிப்பி வளர்க்கிறவன். டாக்டர் ரோபோ வைத்துச் செய்யலாம் என்று சொன்னதும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தான்.

"மெஷின் கையில என் பொண்டாட்டியக் குடுக்கணுமா? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில மனுஷன் கை ஒண்ணு இல்லையா?"

"கையால வயித்தத் திறந்தும் பண்ணலாம். துளை போட்டு நீளக் கத்தி விட்டும் பண்ணலாம்" என்றாள் பியோ. "இவங்களுக்கு நிணநீர் முடிச்சுகள் ரத்தக்குழாய் பின்னாடி ஒட்டிட்டு இருக்கு. அங்க நுணுக்கமாப் போக எனக்கு ரோபோதான் வசதி. யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தும் சண்டை ஓயவில்லை. சிப்பி உரிக்கும் கொட்டகையில் கிபொம் கத்தியைச் செருகிச் செருகி ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தான். ஒக்சிம் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, எண்ணூறு டன் துண்டத் தூக்கி வைக்கிறனே, அதத் தூக்குறது யாரு? கிரேனா, நானா?"

"நீதான்."

"அப்புறம் என்ன?"

"இரும்பு வலிக்குதுன்னு சொல்லாது, ஒக்சிம்."

கிபொம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளுடைய அண்ணன் கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் கால்களைத் தான் பிடித்துக்கொண்டு நின்றதைப் பற்றி என்னவோ முணுமுணுத்தான். ஒக்சிம் அவனருகே போய் இன்னொரு கத்தியை எடுத்துச் சிப்பி உரிக்க ஆரம்பித்தாள். கூடை நிறைந்ததும், "நாளைக்கு மறுபடி புசான் போறோம். அந்த மெஷினை நான் பார்க்கணும்" என்றாள்.

பியோ டாக்டர் முதலில் சிரித்தாள். பிறகு பயிற்சிக்கு வைத்திருந்த இருக்கை ஒன்றைக் காட்ட அழைத்துப்போனாள். முகத்தைப் பதித்துப் பார்க்க ஒரு கண்ணாடிப் பெட்டி, விரல்களை மாட்டிக்கொள்ள இரண்டு பிடிகள், காலடியில் மிதிகள். ஒக்சிம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"கைக்குப் பாரம் தெரியுமா?"

"இதுல தெரியாது. கண்ணாலதான் தெரிஞ்சுக்கணும். சதை இழுபட்டா நிறம் வெளிறும். அதப் பார்த்துப் பழகவே எனக்குப் பல வருஷம் ஆச்சு."

"தும்மல் வந்தா?"

"தலைய எடுத்த நிமிஷம் கையெல்லாம் அப்படியே நின்னுடும். தானா ஒண்ணும் நகராது. நான் அசைச்சாதான் அது அசையும்."

"நடுவுல கெட்டுப்போனா?"

"ஓரமாத் தள்ளி வச்சுட்டு வயித்தத் திறந்து கையால முடிப்பேன். அதுக்கும் நீங்க இப்பவே சம்மதிச்சாத்தான் தொடுவேன்."

கிபொம் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கியபடி கேட்டான்: "நீங்க எங்க உக்காந்திருப்பீங்க? வேற மாடியிலயா?"

"அதே ரூம்ல. அவங்க மூச்சு எப்படிப் போகுதுன்னு எனக்குக் கேட்கும். என்னோட ஜூனியர் டாக்டர் அவங்க பக்கத்துலயே நிப்பார்."

"அதே ரூம்தானே?"

"அதே ரூம்தான்."

"சரி" என்றான் கிபொம். திரும்பி வரும் வழியில் கடலுக்கடிச் சுரங்கப்பாதையைக் கடந்து பாலத்தின் மேல் வெளிச்சத்துக்கு வந்தபோது, "சின்ன உருவமா இருந்தாலும் கெட்டிக்காரிதான்" என்று ஒருதரம் சொன்னான். அவ்வளவுதான் அவன் சம்மதம்.

அறுவை சிகிச்சை அறை குளிர்ந்து கிடந்தது. ரோபோவின் கைகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, மடித்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். மூலையில் இருந்த இருக்கையிலிருந்து பியோ கையைத் தூக்கிக் காட்டினாள். ஒக்சிம் தலையை அசைத்தாள். முகத்தில் மயக்கமருந்து மூடி வந்து உட்கார்ந்தது.

விழித்தபோது கிபொமின் முகம் மிக அருகில் இருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அந்த மெஷின் பரவாயில்ல. சொன்ன பேச்சு கேட்டிருக்கு."

தனியாக இருந்தபோது ஒக்சிம் ஆஸ்பத்திரிச் சட்டையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றில் அங்கங்கே விரல் நுழையும் அளவுக்குத் துளைகள். தொப்புளுக்குப் பக்கத்தில் மட்டும் சற்றுப் பெரிய கீறல். இரைப்பை அந்த வழியாகத்தான் வெளியே வந்தது. அண்ணனுக்கு இருந்தது இதுவல்ல என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதால் தையல் வலித்தது. ஆகவே நிறுத்திக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகப் போவதுபோல இருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது. இடது தோளின் பின்புறம் குத்தியது. ஸ்கேன் எடுத்தார்கள். பியோ டாக்டர் வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"குடலையும் உணவுக்குழாயையும் சேர்த்துத் தைச்ச இடத்துல கசிவு இருக்கு."

கிபொம் கத்திவிட்டான். "அப்பவே சொன்னேன், மெஷின் வேணாம்னு! யாரு கேட்டா?"

"மெஷின் தைக்கல, ஐயா. தைச்சது நான்" என்றாள் பியோ. குரல் உயரவில்லை. "எப்படித் தைச்சாலும் சில பேருக்கு இது வரும். வரலாம்னு முன்னாடியே சொன்னேன். உங்க மனைவிக்கு வந்திருக்கு. குழாய் வச்சு வடிச்சு, மருந்து குடுத்து ஆத்தப் பார்க்கிறோம். ஆறலேன்னா மறுபடி உள்ள போகணும்."

"ஏங்க, கத்தாதீங்க, தலை வலிக்குது" என்றாள் ஒக்சிம். "டாக்டர், நான் என்ன பண்ணணும், அதச் சொல்லுங்க."

"வாயில ஒரு சொட்டு வைக்கக்கூடாது. அப்புறம், நடக்கணும்."

ஒக்சிம் நடந்தாள். மருந்துப் பைகள் தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு, விலாவிலிருந்து வரும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, வராண்டாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு. மற்ற நோயாளிகளுக்குக் கஞ்சியும் கடல்பாசி சூப்பும் வண்டியில் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உடம்பு கொதித்தது. தன் கோபம் டாக்டர் மேலா, கிபொம் மேலா, தன் குடல் மேலா என்று அவளுக்கே விளங்கவில்லை. கோபம் காலை நகர்த்தியது, அது போதும். வராண்டாக் கோடி ஜன்னலில் புசான் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. அங்கே நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் சரக்குப் பெட்டி இறக்குகிறவனின் கைவாகைக் கவனிப்பாள்.

"இவன் ரொம்ப ஆட விடுறான்" என்றாள் ஒருநாள் நர்ஸிடம்.

"யாரும்மா?"

"அந்த மூணாவது கிரேன்ல இருக்கிறவன். புதுசாக் கல்யாணம் ஆனவனா இருக்கணும். வீட்டுக்குப் போற அவசரம்."

கசிவு மெல்ல மெல்ல அடைபட்டது. குழாயில் வந்தது தெளிந்தது. பியோ மறுபடி உள்ளே போகவேண்டிய தேவை வரவில்லை. முதல் கரண்டி நீர்க்கஞ்சி வாயில் பட்டபோது, உப்புக்கூட இல்லாத அந்தத் தண்ணீரை ஒக்சிம் நாக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். விழுங்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உண்மையான பாடு ஆரம்பித்தது. கொஞ்சம் உடம்பு தேறிய தெம்பில், பக்கத்து வீட்டார் கொடுத்த இனிப்புச் சோற்றுப்பானத்தைப் பழைய பழக்கத்தில் மடமடவென்று குடித்துவிட்டாள். சிறிது நேரத்தில் நெஞ்சு படபடத்தது. வியர்வை ஆறாய் ஓடியது. தரை சுழன்றது. சமையலறைத் தரையிலேயே படுத்துவிட்டாள். கிபொம் ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தான்.

"வேணாம். டாக்டர் சொன்னதுதான் இது. வேகமாப் போட்டா குடல் தாங்காது" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "தானா போயிடும். கையை மட்டும் பிடிச்சுக்கோங்க."

அதற்குப்பிறகு அவள் மெல்லக் கற்றுக்கொண்டாள். நாளெல்லாம் சிறிது சிறிதாக, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று. கிபொம் சிப்பியை நறுக்கிப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு எதிரே உட்காருவான். அவளுக்குத் துணையாகத் தானும் மெல்லவேண்டும் என்று அவனாகவே எடுத்த முடிவு. கொஞ்ச நேரத்தில் தாடையைத் தடவிக்கொள்வான்.

"நான் என்ன மாடா?"

"ஆமா. பேசாம மெல்லுங்க."

எடை இறங்கிக்கொண்டே போனது. வேலை உடுப்பு தோளில் தொங்கியது. மோதிரம் கழன்று விழுந்தது. அந்த உடம்போடுதான் ஒரு வசந்தகாலக் காலையில் தளத்தின் பாதுகாப்பு மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

அவர் நல்ல மனிதர்தான். "ஒக்சிம் அம்மா, சாமான் கிடங்குல உங்களுக்கு இடம் வச்சிருக்கேன். கதகதப்பா இருக்கும். உக்காந்தே வேலை."

"கிடங்கு வேணாம் சார். தரையில மான்சுகூட நிக்கிறேன், சிக்னல் குடுக்கிறேன். உடம்பு சரியானதும் மேல போறேன்."

"சரியாகலேன்னா?"

"நானே வந்து சொல்வேன். நீங்க சொல்லவேண்டியிருக்காது."

அப்படித்தான் ஒக்சிம் தரையில் நின்றாள். இத்தனை காலம் மேலிருந்தே பார்த்த துண்டு, கீழே நின்றபோது வானத்தை மறைத்துக்கொண்டு வந்தது. முதல்நாள் அவள் தன்னையறியாமல் நாலடி பின்னால் போனாள். மான்சு பார்த்துவிட்டுச் சிரித்தான். "தினம் இதுக்கடியிலதான் அக்கா நான் நிக்கிறேன். மேல நீங்கதான் இருக்கீங்கன்னு தைரியம்." அவள் பாக்கெட்டில் சின்னச் சின்ன டப்பாக்கள் இருக்கும். அவித்த முட்டை, டோஃபு என்கிற சோயாக்கட்டி, பாசித்தாளில் சுற்றிய சோறு. வெல்டர்கள் கிண்டலடிப்பார்கள்.

"அக்கா, இன்னிக்கு எத்தனாவது சாப்பாடு?"

"உன் மாமியார் உன்னத் திட்டினது எத்தனையோ, அதுல பாதி."

கோடையில் அவளைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் குறித்தார்கள். நடுத்தரமான துண்டு ஒன்று. பக்கத்து இருக்கையில் ஹாயங் என்ற இளைய ஓட்டுநரும் இருப்பாள் என்பது நிபந்தனை. மழை வரப்போகிறது என்று நேரத்தை முன்னால் தள்ளினார்கள். ஒக்சிம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இதோ வந்துட்டேன்" என்று மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டு, ஆர்வத்தில் மெல்லாமல் விழுங்கிவிட்டு மேலே போனாள்.

துண்டு தரையை விட்டு எழும்பியது. கை மறக்கவில்லை. மனம் பறந்தது. துறையின் விளிம்பைத் தாண்டும்போது கழுத்தில் முதல் வியர்வை ஓடியது. ஒக்சிமுக்கு அது என்னவென்று தெரியும். இன்னும் கொஞ்சம்தான், பல்லைக் கடித்தால் முடித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கண்ணாடித் தரை வழியே கீழே மான்சுவின் மஞ்சள் தலைக்கவசம் தெரிந்தது.

"மான்சு, நிறுத்துறேன். எனக்கு மயக்கமா வருது. எல்லாரையும் தள்ளிப்போகச் சொல்லு. ஹாயங் எடுத்துக்கிறா."

லீவரை விட்டாள். ஹாயங் இருக்கை மாறி உட்கார்ந்து துண்டைப் பத்திரமாக இறக்கி முடித்தாள். ஒக்சிம் மூலையில் முட்டிக்கிடையில் தலையை வைத்துக்கொண்டு, அறை சுழல்வது நிற்கும்வரை காத்திருந்தாள்.

கீழே மேலாளர் காத்திருந்தார். "போதும்மா. இதோட விட்டுடலாம்."

"இன்னிக்கு நான் லாயக்கில்ல. எழுதிக்கோங்க" என்றாள் ஒக்சிம். முகம் வெளுத்திருந்தது, குரல் வெளுக்கவில்லை. "ஆனா இது வயித்தோட தப்பு இல்ல. வயிறுதான் இல்லையே. அவசர அவசரமா முழுங்கினேன், அதான் தப்பு. அவசரப்படுத்தினது நீங்க, அவசரப்பட்டது நான். ரெண்டையும் சரி பண்ணிட்டு மறுபடி கேட்பேன்."

அவள் கேட்டாள். தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். மேலே ஒருத்தி தனியாக இருக்கக்கூடாது, ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு பேர் வேண்டும், சாப்பிட உட்கார்ந்தவளை நடுவில் எழுப்பக்கூடாது, சாப்பிட்டபின் ஓய்வு கொடுக்காமல் பாரம் தூக்கச் சொல்லக்கூடாது என்றாள்.

"உங்க ஒருத்திக்காகவா அக்கா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

அதற்கு ஹாயங் எழுந்தாள். "எனக்காகவும்தான். மூத்திரம் வந்துடும்னு பயந்து காலையில இருந்து தண்ணி குடிக்காம உக்காந்திருக்கேன். உங்கள்ல எவன் அப்படி உக்காருவான்?" அவளைத் தொடர்ந்து மற்ற பெண் ஓட்டுநர்களும் எழுந்தார்கள். சிலருக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பேர் இவ்வளவு காலமாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பது ஒக்சிமுக்கே அன்றுதான் உறைத்தது. நிர்வாகம் இழுத்தடித்தது. ஒக்சிம் வாராவாரம் மேலாளர் அறைக்குப் போய், அவர் எதிரிலேயே டப்பாவைத் திறந்துவைத்து மென்றுகொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

இலைகள் சிவக்கத் தொடங்கியபோது இரண்டாவது சோதனையில் தேறினாள். அதன்பிறகு வந்தது எரிவாயுக் கப்பல் ஒன்றின் முன்மூக்குத் துண்டு. அந்த ஆண்டின் பெரிய பாரம். அன்று காலை நிதானமாக மென்று, நிதானமாக ஓய்ந்து, தண்ணீரும் குடித்துவிட்டு ஒக்சிம் உட்கார்ந்தாள். கடல்காற்று கொஞ்சம் இழுத்தது. துண்டு தயங்கித் தயங்கி இறங்க, மிச்ச இடைவெளியை மான்சு கீழிருந்து அளந்து சொன்னான்.

"இன்னும் ஒரு கை, அக்கா. அரைக் கை. ஒரு விரல். காகிதம்... காகிதம்..." கீழே இரும்போடு இரும்பு உட்கார்ந்த சத்தம் அவளுக்கு மேலே கேட்காது. மான்சுவின் குரலில்தான் கேட்கும். "உக்காந்துடுச்சு!"

"நல்லாப் பார்த்துச் சொல்லுடா."

"பார்த்துட்டேன் அக்கா. காகிதம்கூட நுழையல."

ஒக்சிம் லீவரிலிருந்து கையை எடுத்தாள். ஹாயங் அவள் முதுகில் கையை வைத்தாள்.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் பியோ டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுவரை சுத்தமாக இருக்கிறது என்கிறாள். ஒக்சிம் "இதுவரை" என்ற சொல்லைக் கேட்டுக்கொள்கிறாள். இரைப்பை இல்லாதவர்களுக்குக் குறைந்துபோகும் சத்துக்கு ஊசி உண்டு, அதையும் போட்டுக்கொண்டு வருகிறாள். பழைய எடை திரும்பவில்லை. சில நாள் இன்னமும் வியர்க்கிறது. அந்த நாட்களில் ஹாயங் ஓட்டுகிறாள்.

போன மாதம் மான்சுவுக்குப் பரிசோதனை அழைப்பு வந்ததையும், அவன் அதை மடித்துக் குப்பையில் போட்டதையும் யாரோ ஒக்சிமிடம் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை காலை அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல அக்கா. நல்லாத் திங்கிறேன்."

"நானும் நல்லாத்தான் தின்னேன். சட்டையப் போட்டுட்டு வா."

மையத்தின் வராண்டாவில் முட்டையைச் சிறிது சிறிதாகக் கிள்ளித் தின்றுகொண்டு காத்திருந்தாள். மான்சு மயக்கம் தெளியாத முகத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"வயித்துல புண்ணாம். மாத்திரை குடுத்திருக்காங்க. வேற ஒண்ணுமில்லையாம்." அவன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான். "அக்கா, உண்மையச் சொல்றேன். செத்துட்டேன்னே நினைச்சேன்."

"எந்திரி. கஞ்சி வாங்கித் தர்றேன்" என்றாள் ஒக்சிம், டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டே. "நம்ம மேலாளருக்கும் நாப்பது தாண்டியிருக்கும்ல? அழைப்பு வந்திருக்குமே."